ஏழாம் எண் எங்கே பார்க்கிறார்?

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெண்டு செகண்டு அம்மா’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊரார் கண் எங்கே போகிறது என்று அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஐம்பத்தோரு வயதுக்காரிக்கு, தன் முதுகுக்குப் பின்னால் நடக்கிற பேச்சு தெரியாமலா இருக்கும்? தெரியும். அதில் உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அவள் வேலை இதுதான். கார் ஓட்டுகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று வரைவாள். அட்டையில் மாதிரி செய்வாள். ஆட்களை உட்காரவைத்துச் சோதிப்பாள். சரியில்லை என்றால் எல்லாவற்றையும் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைவாள். ஒரு பொத்தானைத் தேடும்போது ஓட்டுகிறவரின் கண் ரோட்டை விட்டு இரண்டு செகண்டுக்கு மேல் விலகினால் அது உருப்படாத பொத்தான். இந்த ஒரே விதியைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி வாங்கிய பெயர்தான் அது.

நீங்களும் நானும் ஒரு பொத்தானைப் பார்த்தால் பொத்தான் என்போம். அவள், “இத எவனாவது தப்பா அமுக்குவான் பாருங்க” என்பாள். ஓட்டுகிறவர்களை அவள் துளியும் நம்ப மாட்டாள். அவசரத்தில் விளக்குக்குப் பதில் வைப்பரைப் போடுவார்கள், பாட்டைக் குறைக்கப் போய் ஜன்னலைத் திறப்பார்கள், அப்புறம் வண்டி சரியில்லை என்பார்கள். இத்தனைக்கும் அவளுக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் ஓட்டுவதில்லை. தன்னையே நம்பாதவள் அடுத்தவரை எங்கே நம்பப் போகிறாள்.

சந்தேகம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். கடைக்காரர் தராசைத் தொட்டால் சந்தேகம். பக்கத்து வீட்டம்மா காரணமில்லாமல் சிரித்தால் சந்தேகம். ஒரே ஓர் ஆள் விஷயத்தில்தான் அவள் சந்தேகப்படாமல் இருந்தாள். அவள் வீட்டுக்காரர்.

அதற்கும் கணக்கான காரணம் இருந்தது. அவர் அதே கம்பெனியில் டிரைவர். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், கேமராவெல்லாம் வராத காலத்தில், ஓட்டுகிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அவர் கண் எங்கெங்கே எத்தனை செகண்டு போகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதுவது அவள் வேலை. அன்றைக்கு ஓட்ட வந்தவர் அவர்.

“நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் நான் எழுதிக்குவேன்” என்றாள்.

“எல்லாத்தையும் எழுதுவீங்களா?”

“எல்லாத்தையும்.”

“அப்ப உங்களப் பாத்தா?”

“அதையும்தான்.”

வளைவு முடிந்து நேர்ரோடு வந்ததும் அவர் நிதானமாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் காது சிவக்க எழுதினாள்: ‘பக்கத்து இருக்கை, 1.4 செகண்டு.’ விதிக்கு உட்பட்ட பார்வை. அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அப்படி நேருக்கு நேர் பார்க்கிற மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்பது அவளுடைய கணிப்பு. இருபத்து மூன்று வருடம் அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை.

எட்டு மாதமாக அவர் அவளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

வேறொருத்தியாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டாள். இவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். பேசும்போது அவர் பார்வை அவள் முகத்துக்கு வராமல் காதில் போய் நின்றது. தலையை ஆட்டுகிறார், சிரிக்கிறார், பதில் சொல்கிறார், எல்லாம் சரி. ஆனால் பார்ப்பது காதை.

“என் காதுல என்ன இருக்கு?” என்று ஒரு தடவை கேட்டும் விட்டாள்.

“தோடு இருக்கு” என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன. போனில் வருவதைப் படிக்காமல், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டார். யாருடைய குரல்? சனிக்கிழமை காலையானால், கூட வேலை பார்த்த ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த நண்பர் ஊர் மாறிப்போய் ஒரு வருடம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் கம்பெனியிலேயே வாங்கிய வீட்டுக் காரையும் அவர் எடுப்பதில்லை. “நாள்பூரா ஓட்டிட்டு லீவுலயும் ஓட்டணுமா” என்று ஒரு சப்பைக்கட்டு.

அலுவலகத்திலும் அதே சமயத்தில் ஒரு தலைவலி. புதிதாக வரப்போகும் காரில் குமிழ்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே பெரிய டச் ஸ்கிரீன் வைக்கப் பெரியவர் முடிவு செய்திருந்தார். பெரியவர் என்பது பிரிவின் தலைவர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், செலவும் குறையும் என்பது அவர் கட்சி. அவளுடைய பயமெல்லாம் ஒரே ஒரு குமிழைப் பற்றி. மழையிலோ குளிரிலோ முன்கண்ணாடியில் ஆவி படிந்தால் அதைப் போக்கக் காற்றைத் திருப்பிவிடும் குமிழ். அவளே செய்தது. விரல் தொட்டதும் தெரியும்படி மூன்று வரி வைத்தது. கண்ணாடி மறைந்துபோய் ரோடே தெரியாத நேரத்தில், ஸ்கிரீனில் ஒரு படத்தைத் தேடிக் குத்து என்றால் எவன் குத்துவான்? சண்டை முற்றி, கடைசியில் பெரியவர் ஒரு வழிக்கு வந்தார். பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சோதிக்கலாம். சராசரி இரண்டு செகண்டுக்குள் வந்தால் குமிழ் போகும். தாண்டினால் இருக்கும்.

அந்த ஸ்கிரீனின் படத்தை அசல் அளவில் அச்செடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டே இருந்தால் ஏதாவது பிழை அகப்படும் என்பது அவள் பழக்கம். இரண்டு மாதமாக அட்டை மேசையிலேயே கிடந்தது.

ஒருநாள் அட்டையின் கீழ்மூலையில் ஓர் அழுக்குக் கறை கண்ணில் பட்டது. கட்டைவிரல் அகலம். நடுவில், கண்ணாடி ஆவிக்கான படத்தின் மேல், இன்னொரு கறை. அவள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவாமல் காகிதத்தைத் தொடுகிற ஆள் இல்லை. அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தாள். காலையில் கிளம்பும்போது அட்டையின் ஓரத்தை ஒட்டி மேசையில் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. மாலையில் வந்து பார்த்தால் அட்டை கோட்டை விட்டு விரலகலம் தள்ளி இருக்கும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பூட்டிய வீடு. சாவி இரண்டு பேரிடம்தான். அவருக்கோ வேலை முறை மாறி மாறி வரும். பகலில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவரே.

படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறாரா? போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது பிடித்துவிட்டானா? காதில் ஒயரை மாட்டிக் கேட்பது அவனுடைய குரலா? சனிக்கிழமை போவது அங்கேதானா? ஒரு பெண் விவகாரம் என்று சந்தேகப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை கசந்திருக்காது. இது அவள் அடிமடியிலேயே கை வைக்கிற காரியம். அவர் தூங்கும்போது அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த முகத்திலோ திருட்டுக்கான ஒரு சுவடும் இல்லை. அதுவே அவளுக்கு இன்னொரு சந்தேகமாகப் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் சோதனை முடிவு வந்தது.

சோதனையை நடத்தியவன் மூன்று மாதத்துக்கு முன் வேறு கிளையிலிருந்து வந்து சேர்ந்த என்ஜினியர். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவதால் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். ஆட்களின் பெயர் யாருக்கும் தெரியாது, எண் மட்டும்தான். எதிரே பெரிய திரையில் ரோடு ஓடும். ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே ஒரு பச்சைப் புள்ளி விழும். முகம் பதிவாகாது, கை பதிவாகாது. பச்சைப் புள்ளியும், ஸ்கிரீனில் விரல் பட்ட இடமும், நேரமும். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேரின் சராசரி 1.95 செகண்டு. பெரியவர் வாயெல்லாம் பல்லாக, “என்னம்மா, பாஸ் ஆயிடுச்சு போல” என்றார்.

அவள் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஆறு பேர் வரை சந்தேகமில்லை. தேடினார்கள், தடுமாறினார்கள், குத்தினார்கள். ஏழாம் எண்ணில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடி ஆவியைப் போக்கச் சொன்னதும் ஏழாம் எண் போக்கிவிட்டார். பச்சைப் புள்ளி ஸ்கிரீன் பக்கமே வரவில்லை. ஒரு தடவைகூட இல்லை. பூஜ்யம் செகண்டு. முன்பின் பார்த்திராத ஒரு கண்ணாடிப் பலகையில், கண்ணால் பார்க்காமல், எட்டு முறையும் மிகச் சரியாக. அவரை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். பதினொரு பேரின் சராசரி 2.13. ஆக, ஒரே ஓர் ஆளின் தயவில்தான் ஸ்கிரீன் பாஸ் ஆகியிருந்தது.

அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவசரத்தைக் கூப்பிட்டாள்.

“ஏழாம் நம்பருக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்தீங்களா?”

“சத்தியமா இல்ல மேடம்.”

“பின்ன எப்படிப் பாக்காமலே அமுக்கினாங்க?”

“திறமையான ஆளா இருக்கலாம்ல மேடம்.”

“சரி, அது இருக்கட்டும். புள்ளி ஏன் இப்படி நிக்குது? முன்னாடி லாரி போகுது. புள்ளி லாரி மேல நிக்காம ஒரு சாண் தள்ளி நிக்குது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லாத்துக்கும் தள்ளியே நிக்குது.”

அவன் மென்று விழுங்கினான். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஏற்றபடி கேமராவை முதலில் சரிசெய்ய வேண்டும். ஏழாம் எண்ணுக்கு மூன்று தடவை முயன்றும் சரியாக வரவில்லை. அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். அதனால் பொதுவான ஓர் அளவைப் போட்டு நடத்திவிட்டானாம்.

“யாரு அந்த ஏழாம் நம்பர்?”

“பேரு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான மேடம் விதி எழுதினீங்க” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். இவனுமா!

விரல் பட்ட இடங்களின் பட்டியலை எடுத்தாள். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் படத்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பு ஏழாம் எண்ணின் விரல் இன்னோர் இடத்திலும் பட்டிருக்கிறது. ஸ்கிரீனின் கீழ்மூலை. எட்டு முறையும் அதே இடம். கட்டைவிரலை மூலையில் ஊன்றிக்கொண்டு, நடுவிரலை நீட்டி அளந்து தொட்டிருக்கிறார்.

கீழ்மூலை. கட்டைவிரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டியலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று சனிக்கிழமை, அரைநாள்தான். அவர் வீட்டில் இல்லை. ‘நண்பரைப்’ பார்க்கப் போயிருந்தார்.

ஸ்கேலை எடுத்து அட்டையில் வைத்தாள். மூலையிலிருந்து கறை வரை ஒன்பது சென்டிமீட்டரும் நாலு மில்லிமீட்டரும். பட்டியலிலும் ஒன்பது புள்ளி நாலு. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆக, ஏழாம் எண் அவர்தான். புதுக் காரை ஓட்டப்போகும் டிரைவர்கள் சோதனைக்கு உட்கார வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் இந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்களின் வீட்டார் உட்காரக் கூடாது. அவள் எழுதிய விதிதான் அதுவும். அதை மீறி, திருட்டுத்தனமாக வீட்டிலேயே பழகி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவளுடைய குமிழுக்குக் குழி பறித்திருக்கிறார். எதற்கு? யார் சொல்லி? பெரியவரின் வாயெல்லாம் பல்லான முகம் நினைவுக்கு வந்தது. எல்லாமே பொருந்தியது.

மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். சுவரைத் தடவி, ஆணியைத் தொட்டு, சாவியை மாட்டினார்.

“ஏழாம் நம்பர் யாருங்க?” என்றாள் அவள்.

அவர் அப்படியே நின்றார். “அந்தத் தம்பி சொல்லிட்டானா?”

“அவன் வாயத் தொறக்கல. உங்க கட்டவிரல்தான் சொல்லுச்சு.”

“வீட்டாளு உக்காரக் கூடாதுல்ல, நாந்தான் யாருகிட்டயும் சொல்லாதப்பான்னு கேட்டுக்கிட்டேன். அவன் மேல தப்பில்ல.”

“பெரியவர் மேல தப்பா? உங்களுக்கு என்ன ஆசை காட்டினாரு? டிரைவருக்கெல்லாம் தலைவராக்கறேன்னாரா? கட்டின பொண்டாட்டி ஆறு மாசமா அந்த ஒரு குமிழுக்காக எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டறா. நீங்க போய் அதுக்கே கொள்ளி வெச்சிட்டு வர்றீங்க. என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லுங்க!”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார் அவர்.

அவர் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதை. முகத்திலிருந்து சற்றுத் தள்ளி. எப்போதும் அதே பக்கம், அதே அளவு. அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் பார்வையும் நகர்ந்து மறுபடி காதிலேயே போய் நின்றது. லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்ற பச்சைப் புள்ளி அவள் கண்முன்னால் வந்தது. கேமராவில் கோளாறு இல்லையோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

“தண்ணி கொண்டாங்க” என்றாள்.

அவர் உள்ளே போனதும் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். வந்து டம்ளரை வைத்தவரிடம், “கண்ணாடி ஆவிக்கு எங்க அமுக்கணும்? காட்டுங்க” என்றாள்.

அவர் கட்டைவிரலை அட்டையின் கீழ்மூலையில் ஊன்றி, நடுவிரலை நீட்டி, ஓரிடத்தில் வைத்தார். “இங்க.”

அவர் விரலுக்கு அடியில், தலைகீழாக, கட்டைவிரல் உயரத்துக்கு ‘ஒலி’ என்று அச்சிட்டிருந்தது. அந்த அறையிலேயே பெரிய எழுத்துகள் அவைதான். அவர் நம்பிக்கையோடு விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

“எத்தன நாளா?” என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்ல உட்கார்ந்தார். “எட்டு மாசம். ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு மங்கல். ஓரமெல்லாம் தெரியுது. ஆளு தெரியுது, வண்டி தெரியுது, வளைவு தெரியுது. எழுத்து தெரியாது. சனிக்கெழம ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். ஓரக்கண்ணால பாத்துப் பழகச் சொல்லித் தர்றாங்க. போன வாசிக்க முடியல, அதான் காதுல மாட்டிக் கேக்கறேன். அதுவே படிச்சுச் சொல்லுது.”

“வண்டி ஓட்டலாம்னாங்களா?”

அவர் டம்ளரை மேசையில் நகர்த்தி வைத்தார்.

“ஓட்டக் கூடாதுன்னாங்களா?”

“விமான நிலையம் போற ஒரே ரோடுதான் எடுக்கறேன். எனக்கு மனப்பாடம்.”

“ரோடு மனப்பாடம். குறுக்க வர்றவன் மனப்பாடமா? எவனையாவது அடிச்சிருந்தா? உங்களையே பொணமா நான் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிருந்தா? கம்பெனி டாக்டர் எப்படி விட்டாரு?”

“அங்க சுவத்துல இருக்கற எழுத்துப் பலகை பதினஞ்சு வருஷமா அதேதான். அதுவும் மனப்பாடம்.” அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “சோதனையில தடுமாறினா வேல போயிரும்னுதான் அட்டையில பழகினேன். ஓட்டறத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? சொல்லு.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்து நாலு வருடத்தில் அவரை அப்படித் திட்டியதே இல்லை. திட்டினாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். கடைசியில், “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். “உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்.”

“எனக்கா?”

“ஊர்ல இருக்கறவன் கண்ணெல்லாம் பாக்கறவ, எங்கண்ணப் பாக்காமலா இருப்பன்னு நெனச்சேன். வெளிய கொண்டுவரக் கூடாத அட்டைய வேணும்னே மேச மேல விட்டுட்டுப் போற, நான் பழகிக்கட்டும்னு. வாய்விட்டுச் சொன்னா நான் ஒடஞ்சு போயிருவேன்னு சொல்லாம இருக்கறன்னு நெனச்சேன். தினம் சாயந்தரம் அட்டைய நேரா எடுத்து வெக்கிறியே, அதுகூட எனக்கு வசதிக்குத்தான்னு...”

பென்சில் கோடு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள். இந்த மனிதர் எட்டு மாதமாகத் தன்னைப் பற்றி எத்தனை நல்லதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று எண்ண எண்ண அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

“ஏன் காதையே பாக்கறீங்க?” என்று கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

“நேரா பாத்தா உம்மூஞ்சி இருக்கற எடத்துல மங்கல்தான் இருக்கு. காதப் பாத்தாத்தான் மூஞ்சி தெரியுது.”

அவள் அழுதாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை அவருக்கு.

“ரிப்போர்ட்ல என்ன எழுதப் போற?” என்று பிறகு கேட்டார்.

எழுதாமலும் இருக்கலாம். எண்தானே, பெயர் இல்லையே. அவசரமும் வாயைத் திறக்க மாட்டான். குமிழ் போகும், அவர் வேலை இருக்கும். அந்த நினைப்பு வந்தது உண்மைதான். கூடவே, மழையில் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஓட்டிக்கொண்டு போவதும் நினைப்பில் வந்தது.

“உள்ளத எழுதுவேங்க” என்றாள்.

“எழுது. அதுக்கு முன்னாடி நானே போய்ச் சாவியக் குடுத்துர்றேன். நீ மாட்டிவிட்டதா இருக்க வேணாம்.”

திங்கட்கிழமை காலை அவர் போய்க் கொடுத்தார். பத்து மணிக்கு அவள் அறிக்கையைப் பெரியவர் மேசையில் வைத்தாள். ‘ஏழாம் எண் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. முன்பே பழகியிருக்கிறார். இந்தப் பதிவைச் சேர்க்கக் கூடாது.’

பெரியவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “ஏழாம் நம்பர எடுத்தா ரெண்டு செகண்டத் தாண்டுது. உங்க குமிழ் நிக்குது. ரொம்ப வசதியாப் போச்சு உங்களுக்கு, இல்ல?”

சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சந்தேகத்துக்கு ஆளாவது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

“ஏழாம் நம்பர் எங்க வீட்டுக்காரர் சார்” என்றாள். “பழகினது என்னோட அட்டையில. விதிய மீறி நாந்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். வேற பன்னெண்டு பேர வெச்சு, வேற ஆள விட்டு, மறுபடி நடத்துங்க. நான் அந்தப் பக்கமே வரல.”

நடத்தினார்கள். மூன்று வாரம் ஆயிற்று. 2.2 வந்தது, குமிழ் நின்றது. அட்டையை வெளியே கொண்டுபோனதற்காக அவளுக்கு ஒரு கண்டிப்புக் கடிதமும் வந்தது. அதை அவள் அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர், “எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா பாரு, விட்றாத” என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளே வண்டியை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் கழித்து. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் விழாமல் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்திருந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு பேரின் மூச்சில் கண்ணாடி வெளுத்து, முன்னால் போன பஸ் மறைந்தது. அவள் பதறிப்போய்க் குனிந்து குமிழைத் தேடினாள். அவளே வரைந்து, அவளே மூன்று வரி வைத்த குமிழ். கண்ணில் படவில்லை.

“கண்ணு ரோட்டுல!” என்று அவர் அதட்டினார். “ரெண்டு செகண்டு ஆச்சு.”

அவர் கை டேஷ்போர்டின் ஓரத்தைத் தொட்டு, அளந்து, போய்க் குமிழைத் திருப்பியது. காற்று சீறியது. கண்ணாடி கீழிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. பஸ் தெரிந்தது, அதன் சிவப்பு விளக்கு தெரிந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு, பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பார்வை தன் காதில் படிந்திருப்பதை அவள் உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை செகண்டு என்றும் எண்ணவில்லை.